சுவரில் இருக்கும் இரும்பு

பெயின்ட் கடையில் கொடுக்கும் ஷேடு கார்டில் மண் நிறங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். செங்கல், ஓடு, காவி, மணல், சந்தனம், காப்பி, களிமண் என்று ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தில் போய்க்கொண்டே இருக்கும். களையிழந்து கிடக்கும் படுக்கையறையை மாற்ற நினைப்பவர்கள் பலரின் விரல் இன்று இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. டப்பாவுக்குள் போய்ப் பார்த்தால் அத்தனை கட்டங்களுக்கும் பெரும்பாலும் ஒரே மூலப்பொருள்: ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு.

சிவப்பைத் தருவது ஹேமடைட். இரும்பும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த கனிமம். மஞ்சளைத் தருவது கோதைட். அதில் இரும்பு, ஆக்சிஜனோடு ஹைட்ரஜனும் உண்டு; தண்ணீரின் கூறுகள் படிகத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கின்றன. மஞ்சள் காவிக்கல்லை இடித்துப் பொடியாக்கி இரும்புச் சட்டியில் சூடேற்றினால், சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்த நீர் வெளியேறத் தொடங்கும். சட்டியின் அடியைத் தொட்டிருக்கும் பொடி முதலில் ஆரஞ்சாகும், பிறகு செங்காவியாகும். கிளறக் கிளற மேலே இருக்கும் மஞ்சளும் மாறும். ஆறிய பின் அது பழைய மஞ்சளுக்குத் திரும்பாது. இத்தாலியின் சியன்னா மண்ணை ஓவியர்கள் சுடாமல் ஒரு நிறத்துக்கும், சுட்டு இன்னொரு நிறத்துக்கும் பயன்படுத்துவது இதனால்தான். இரும்போடு மாங்கனீசு ஆக்சைடும் கலந்த மண் என்றால் அம்பர் எனப்படும் ஆழ்ந்த பழுப்பு கிடைக்கும். சூளையில் செங்கல் சிவப்பதும், களிமண்ணில் இருக்கும் இரும்பு தீயில் ஹேமடைட்டாக மாறுவதால்தான்.

தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் உள்ள பிளாம்போஸ் குகையில் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காவிப் பட்டறை ஒன்று கிடைத்ததை 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அபலோனி என்னும் கடல்நத்தையின் அகன்ற ஓட்டுக்குள் காவிப்பொடி, கரி, நொறுக்கிய எலும்பு எல்லாம் சேர்ந்த குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே அரைத்த கல்லும் இருந்தது. விவசாயம் வருவதற்கும் வீடு கட்டுவதற்கும் பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் கையில் காவி இருந்திருக்கிறது. நம் பக்கத்தில், விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறைமேல் செங்காவியால் தீட்டிய உருவங்களை இன்றும் பார்க்கலாம்.

வெயிலிலும் மழையிலும் இது ஏன் மங்குவதில்லை? கரிமச் சாயங்கள் ஒளியாலும் ஆக்சிஜனாலும் மெல்ல உடைந்து வெளுத்துப்போகும். காவியில் உள்ள இரும்போ ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுக்கச் சேர்ந்து முடிந்த இரும்பு. அதற்கு மேல் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. சுண்ணாம்பின் காரமும் அதை ஒன்றும் செய்வதில்லை. பல சாயங்கள் சுண்ணாம்பில் பட்டவுடன் நிறம் இழக்கும், காவி அசையாது. கோயில் மதில்களில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கும் வழக்கம் இவ்வளவு காலம் நீடித்ததில் இந்த வேதியியலுக்கும் பங்கு உண்டு. சிமென்டும் காரம்தான். அதனால்தான் நம் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை போட முடிந்தது, ஆத்தங்குடிக் கல்லுக்கு நிறம் ஏற்ற முடிந்தது.

இன்று டப்பாவில் இருக்கும் இரும்பு ஆக்சைடில் பெரும்பகுதி ஆலையில் தயாரானது. 1925-இல் ஜெர்மனியில் லாக்ஸ் என்ற வேதியியலாளர், அனிலின் தயாரிக்கும்போது கழிவாக வந்த இரும்புக் கசடையே நல்ல நிறமியாக்கும் வழியைக் கண்டார். மண்ணிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் பொருள் ஒன்றே. 'இயற்கை நிறம்' என்று கூடுதல் விலை சொன்னால், அந்த விலைக்கு வேதியியலில் ஆதாரம் இல்லை.

இனி ஒளிக்கு வருவோம். அறையின் குணம் மாறுவது அங்கேதான்.

நிறமி ஒளியில் எதையும் சேர்ப்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. கோதைட் நீலத்தை விழுங்குகிறது. ஹேமடைட் நீலத்தையும் பச்சையின் பெரும்பகுதியையும், ஏறக்குறைய 560 நானோமீட்டர் அலைநீளம் வரை, விழுங்குகிறது. மிச்சமாகத் திரும்பி வருவதுதான் நாம் காணும் மஞ்சளும் சிவப்பும். வெள்ளை எமல்ஷனில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் நாம் ஒரு படி மேலே போனோம். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை மறைக்க அதில் நீலம் கலந்தோம். பளிச்சென்ற வெள்ளை என்றால் கொஞ்சம் நீலமான வெள்ளை என்று நம் கண் பழகிவிட்டது.

மூடிய அறையில் ஒளி ஒருமுறை மட்டும் சுவரில் பட்டுக் கண்ணுக்கு வருவதில்லை. சுவரிலிருந்து சுவருக்கு, கூரையிலிருந்து தரைக்கு என்று பலமுறை தெறிக்கிறது. அறையின் பரப்புகள் சராசரியாக 80 சதவீத ஒளியைத் திருப்பினால், முதல் ஒளியோடு 0.8 பங்கு, அதில் 0.8 பங்கு என்று கூட்டிக்கொண்டே போக, மொத்தம் 5 மடங்கில் வந்து நிற்கும். சராசரி 50 சதவீதம் என்றால் 2 மடங்குதான். அதே பல்பு, அதே மின்சாரம். வெளிச்சம் பாதிக்கும் கீழே. நாலு சுவரையும் ஆழ்ந்த செங்கல் நிறமாக்கிவிட்டு 'அறை குகை மாதிரி ஆயிடுச்சே' என்று வருந்துபவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதே தெறிப்பு நிறத்தையும் கூட்டுகிறது. ஒரு பெயின்ட் சிவப்பு ஒளியில் 60 சதவீதத்தையும் நீலத்தில் 20 சதவீதத்தையும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெறிப்பில் இரண்டின் விகிதம் 3-க்கு 1. இரண்டாவது தெறிப்பில் 9-க்கு 1. மூன்றாவதில் 27-க்கு 1. இரண்டு சுவர் சேரும் மூலையை உற்றுப் பாருங்கள். அங்கே நிறம் கனத்து, ஊறிப்போய் இருக்கும். கார்டில் இரண்டு அங்குலக் கட்டமாக மென்மையாகத் தெரிந்த நிறம் அறை முழுக்க ஏறியதும் 'இவ்வளவு அடர்த்தியாகவா கேட்டோம்' என்று பெயின்டருடன் சண்டையில் முடிவதற்குக் காரணம் இதுவே. பாவம், அவர் கலவையில் தவறே செய்திருக்க மாட்டார். கார்டில் பிடித்ததற்கு ஒன்றிரண்டு கட்டம் வெளிறியதை எடுங்கள்.

பழுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வானவில்லில் பழுப்பு கிடையாது. பழுப்பு என்பது, தன்னைவிடப் பிரகாசமான பரப்புகள் சூழ்ந்திருக்கும்போது நாம் காணும் ஆரஞ்சு. சோதித்துப் பார்க்கலாம். கறுப்புத் தாளைச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு கண்ணை மூடி, நல்ல வெளிச்சம் படும் பழுப்புச் சுவரைக் குழல் வழியே பாருங்கள். சுற்றியுள்ள வெள்ளைக் கூரையும் ஜன்னலும் மறைந்ததும், அதே பழுப்பு ஆரஞ்சாக ஒளிரத் தொடங்கும். குழலை எடுத்தால் மறுபடி பழுப்பு. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிவிடும் என்பதை முறையாக எழுதியவர் பிரான்ஸின் செவ்ரல். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்தவர். அங்கே கறுப்பு நூல் சரியாகச் சாயமேறவில்லை என்ற புகாரைத் துருவிப் பார்த்தபோது, குற்றம் பக்கத்து நூலின் நிறத்தில் இருந்தது. 1839-இல் அவர் வெளியிட்ட நூல் ஓவியர்களின் பார்வையையே மாற்றியது.

படுக்கையறையில் இதற்கு உடனடிப் பயன் உண்டு. மண் நிறச் சுவரின் எதிரில் பளீர் வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்தால் சுவர் கருத்து, அழுக்கான பழுப்பாகத் தெரியும். பளீர் வெள்ளைக்குள் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. வெள்ளைத் துணிகளிலும் சலவைத்தூள்களிலும் சேர்க்கும் ஒளியூட்டிகள், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக உமிழ்கின்றன. பகலில் ஜன்னலோரம் அந்தத் துணி சுவரோடு ஒட்டாமல் தனித்து நீலம் பாரிக்கும். சலவை செய்யாத காடாத் துணியை விரித்துப் பாருங்கள். அதன் வெளிர் பழுப்பில் சுவர் அமைதியாக, ஒரு சுற்று கூடுதல் ஆரஞ்சாக வந்து உட்காரும். பத்தமடைப் பாய், பாலிஷ் போடாத தேக்கு, சுட்ட மண் சாடி, வாழைநார்க் கூடை எல்லாம் இந்த அறையில் இயல்பாகப் பொருந்துவதற்கும் அதுவே காரணம்: இவையும் நீலத்தை விழுங்கும் பொருள்கள். பித்தளைச் சொம்பு ஒன்று போதும். செம்பும் பித்தளையும் உலோகமாக இருந்துகொண்டே நீலத்தைக் குறைத்துத் திருப்புபவை.

இவ்வளவையும் செய்துவிட்டுப் பழைய டியூப்லைட்டை அப்படியே விட்டால் காசு வீண். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் அதிகம் தொங்குவது 6500 கெல்வின் நிற வெப்பநிலை கொண்ட 'கூல் டேலைட்' விளக்கு. எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் பூசிய பாஸ்பர் எனும் ஒளிர்பொருள் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 6500 கெல்வின் பல்பில் 450 நானோமீட்டர் அருகே நீலம் கூர்மையாக எழும்பி நிற்கும். ஆழ்சிவப்பு மிகக் குறைவு. காவிச் சுவர் நீலத்தை விழுங்கிவிடும். திருப்பித் தரச் சிவப்பு போதுமான அளவு வரவே இல்லை. பகலில் உயிரோடு இருந்த சுவர் இரவில் சாம்பல் கலந்த பழுப்பாகச் செத்துக்கிடக்கும்.

பெட்டியின் மேல் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும் 'வார்ம் ஒயிட்' பல்பைக் கேட்டு வாங்குங்கள். கூடவே சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது, உச்சம் 100. சாதாரண பல்புகள் 80-ஐ ஒட்டி இருக்கும், 90-க்கு மேல் இருப்பவை சற்று விலை கூடுதல். அந்த எண்ணைக் கணக்கிடும் வழக்கமான எட்டு மாதிரி நிறங்களில் ஆழ்சிவப்பு இல்லை. அது ஆர்-9 என்று தனியாக அளக்கப்படுகிறது. செங்காவி அறைக்கு அதுவே முக்கியம். இரவுக்கு உச்சி விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலின் பக்கம் இடுப்புயரத்தில் ஒரு சிறு விளக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால், சுவரே விளக்காகிவிடும்.

இந்த மாற்றத்தில் உறக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான கூம்பு, தண்டு செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்புச் செல்களும் உள்ளன என்பது 2002-இல் உறுதியானது. அவை மூளையின் உடற்கடிகாரத்துக்குப் பகல், இரவைச் சொல்கின்றன. அவற்றின் உணர்திறன் உச்சம் 480 நானோமீட்டர் அருகே, அதாவது நீலத்தில். இரும்பு ஆக்சைடு விழுங்கும் அதே பகுதி. ஆகவே மண் நிறச் சுவரில் தெறித்து வரும் ஒளி, வெள்ளைச் சுவரில் தெறித்து வருவதைவிட அந்தச் செல்களைக் குறைவாகத் தூண்டும். இதை வைத்து 'காவி அடித்தால் தூக்கம் வரும்' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். விளக்கின் பிரகாசமும், படுக்கையில் கையில் இருக்கும் போனும் சுவரைவிடப் பெரிய காரணிகள். சுவர் செய்வது சிறு உதவி.

நிறமும் மனநிலையும் பற்றிய உறுதியான பேச்சுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள்; கைதிகளின் மூர்க்கம் தணிந்ததாக அலெக்ஸாண்டர் ஷாவ்ஸ் அறிவித்தார். அந்த நிறத்துக்கு அங்கிருந்த இரு அதிகாரிகளின் பெயரால் பேக்கர்-மில்லர் பிங்க் என்றே பெயர் வந்து, பல சிறைகள் அதைப் பின்பற்றின. பின்னாளில் கட்டுப்பாடான முறையில் செய்த சோதனைகளில் அந்த விளைவு உறுதிப்படவில்லை. பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று அட்டவணை போடுபவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

'எங்க ஊர் வெயிலுக்குச் சூடான நிறமா?' என்ற கேள்வி நியாயமானது. பதில் தெளிவு: அறைக்குள் அடிக்கும் நிறம் அறையைச் சூடாக்குவதில்லை. அறை வெப்பநிலையில் சுவர் உமிழும் வெப்பக் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்த அலைநீளத்தில் வெள்ளை பெயின்டும் காவி பெயின்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. இரண்டின் உமிழ்திறனும் சுமார் 0.9. வெளிச்சுவரும் மொட்டைமாடியும் வேறு. அங்கே நேர் வெயில் படுவதால் அடர் நிறம் நிச்சயம் சூட்டை ஏற்றும். மாடியை வெள்ளையாக வைத்துவிட்டு அறைக்குள் மண் நிறம் அடிப்பதில் எந்த முரணும் இல்லை.

வெளிநாட்டு அலங்கார நூல்கள் 'வடக்கு நோக்கிய அறையில் நீல ஒளிதான் விழும், அங்கே இதமான நிறம் அடியுங்கள்' என்று சொல்லும். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கிறது. கன்னியாகுமரியில் இன்னும் அதிக நாள். நம் ஊரில் திசையைவிட ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதே ஒளியைத் தீர்மானிக்கிறது. பக்கத்து அபார்ட்மென்ட்டின் நீலச் சுவரா, வேப்பமரமா, திறந்த வானமா என்று முதலில் பாருங்கள்.

எந்தச் சுவருக்கு நிறம்? பத்திரிகைப் படங்களில் எப்போதும் தலைமாட்டுச் சுவர்தான் வண்ணமாக இருக்கும். காரணம், கேமரா கால்மாட்டில் நிற்கிறது. படுத்திருப்பவர் பார்ப்பது எதிர்ச்சுவரையும் கூரையையும். உங்களுக்காக அடிப்பதென்றால் எதிர்ச்சுவரையோ பக்கச்சுவரையோ எடுங்கள். ஜன்னல் இருக்கும் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். அது எப்போதும் தன் நிழலில் நிற்பது. அதைக் கருமையாக்கினால் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும், மேலே சொன்ன கணக்கில் வெளிச்சத்தைத் தாங்குவது அதுதான். மினுக்கம் இல்லாத மேட் பூச்சு நிறத்தை முழுதாகக் காட்டும், ஆனால் சாய்ந்து உட்காரும் இடத்தில் தலை எண்ணெய்க் கறை ஏறும். நுண்துளைகளில் எண்ணெய் நிறைந்தால் ஒளி சிதறுவது குறைந்து அந்த இடம் கருக்கும். மழை பட்ட செம்மண் கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான். தலைமாட்டில் ஒரு பலகையோ கழுவக்கூடிய பூச்சோ இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

வயதானவர்கள் படுக்கும் அறைக்கு வேறு கணக்கு. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி, உள்ளே போகும் ஒளி குறைகிறது. அதோடு, மிக மங்கிய ஒளியில் நம் கண்ணின் தண்டு செல்கள் மட்டுமே வேலை செய்யும்; அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. இரவில் விளக்கணைந்ததும் செங்காவிச் சுவர் கறுப்பாகிவிடுவதும், வெளிர் துணி மட்டும் மிதப்பதும் இதனால். செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார். நடுராத்திரி எழுந்து போகும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் கதவு நிலை, சுவிட்ச் போர்டைச் சுற்றிய இடம், கட்டில் விளிம்பு ஆகியவை வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். அந்த அறைக்கு மணல், சந்தனம் போன்ற மெல்லிய மண் நிறங்களே போதும்.

பட்டி பார்க்கும் முன் பழைய பூச்சைச் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில், குறிப்பாகக் கதவு, ஜன்னல் கம்பிகளில் அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் வாய்க்கும் நுரையீரலுக்கும் போகும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

வாங்கும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். சிறிய சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் விளிம்பு வரை இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிடுங்கள். பல்பை முதலில் மாற்றுங்கள். அட்டையைச் சுவரில் சாய்த்துக் காலையில் பாருங்கள், மாலை நாலு மணிக்குப் பாருங்கள், அறை மூலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கடைசியாக இரவு பத்து மணிக்கு, படுத்தபடி, தலையணை உயரத்திலிருந்து பாருங்கள். அப்போது பிடித்திருந்தால் அந்த நிறத்தையே வாங்குங்கள். கடைக்காரர் வேறு எதைச் சிபாரிசு செய்தாலும் மாற்றாதீர்கள்.